நூறு என்று எழுதிய தொண்ணூற்றொன்பது

(வானொலியில் ஒலிபரப்பான அருளுரை)

வாசகங்கள்: 1 சாமுவேல் 12:1-5, திருத்தூதர் பணிகள் 20:17-38, லூக்கா 15:1-7



மே மாதம் நமக்கு மாதா வணக்க மாதம். அதே மே மாதம் விடைபெறும் மாதமும்கூட. கன்னியர் மடங்களுக்கு மாற்றல் கடிதம் வருகிற மாதம். பங்குகளுக்கும் வரும். இருபது ஆண்டுகள் ஒரே பள்ளியில் இருந்த அருள்சகோதரி ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஒரு துணிப்பையோடும் பேருந்து நிலையத்தில் நிற்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். நேற்றுவரை அவர் மணியடித்தால் ஆயிரம் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். இன்று எந்தப் பேருந்து எப்போது கிளம்பும் என்று நடத்துநரிடம் அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

அப்படி விடைபெற்ற ஒரு தலைமையாசிரியையைப் பற்றி இன்று சிந்திப்போம். அவர் பெயரையோ பள்ளியின் பெயரையோ சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். கிறிஸ்தவப் பெண்கள் பள்ளி ஒன்றில் பதினொரு ஆண்டுகள் தலைமைப் பொறுப்பில் இருந்து ஓய்வுபெற்றவர் என்று மட்டும் சொன்னால் போதும்.

பிரிவு விழாவுக்கு நம்மையும் அழைத்திருந்தார்கள். மேடையில் குத்துவிளக்கு ஏற்றினோம். சால்வைகள் போர்த்தப்பட்டன. பெற்றோர் சங்கத்தார் பேசினார்கள், முன்னாள் மாணவியர் பேசினார்கள். எல்லாரும் சிஸ்டருடைய சாதனைகளை எண்ணிச் சொன்னார்கள். மூன்று மாடிக் கட்டடம், புதிய ஆய்வுக்கூடம், பிள்ளைகளுக்குச் சுத்தமான குடிநீர், கழிவறைகள். கடைசியாக, பத்தாம் வகுப்பில் இத்தனை ஆண்டுகள் நூற்றுக்கு நூறு விழுக்காடு தேர்ச்சி. அதைச் சொன்னபோது அரங்கமே கைதட்டியது. நாமும் தட்டினோம்.

பிறகு சிஸ்டர் ஏற்புரை சொல்ல எழுந்தார். நன்றி சொல்லவேண்டியவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னார். வாட்ச்மேனுக்கும் ஆயாக்களுக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னார். அதோடு முடிப்பார் என்று நினைத்தோம். அவர் முடிக்கவில்லை.

“நூறு விழுக்காடு என்று சொன்னீர்கள். முதல் நான்கு வருடத்து நூறு எப்படி வந்தது என்று நான் சொல்லாமல் போனால் ஆண்டவர் என்னிடம் கேட்பார்” என்றார். அரங்கத்தில் பேச்சுச் சத்தம் நின்றது.

அவர் சொன்னது இதுதான். பொறுப்பேற்ற இரண்டாம் ஆண்டு. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை. கணக்கு வரவில்லை, ஆங்கிலம் வரவில்லை. பத்தாம் வகுப்புக்குப் போனால் தேறமாட்டாள் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். அந்தப் பிள்ளையின் தாய் மீன் விற்பவர். ஏப்ரல் மாதத்தில் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து நின்றார். “ஃபெயில் போட்டா பிள்ளைக்கு அவமானம். அதனால பாஸ்னு போட்டு டி.சி. தர்றோம். வேற ஸ்கூல்ல சேர்த்துக்குங்கம்மா” என்று சிஸ்டர் சொன்னார். அந்தத் தாய் கைகூப்பி, “ரொம்ப நன்றி சிஸ்டர், எம் பொண்ண பாஸ் போட்டீங்களே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஆண்டு பள்ளியில் நூற்றுக்கு நூறு. தெருமுனையில் பேனர் வைத்தார்கள்.

அந்தப் பிள்ளை வேறு எந்தப் பள்ளியிலும் சேரவில்லை. ஜூன் மாதம் இடம் தேடி அலைய அந்தத் தாய்க்கு நாள் இல்லை. கடைக்குப் போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. பிள்ளை வீட்டில் இருந்தாள், தம்பியைப் பார்த்துக்கொண்டாள். வயது வந்ததும் மணம் முடித்துவிட்டார்கள்.

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நாள், பள்ளியில் மழலையர் வகுப்புக்குச் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. இடுப்பில் ஒரு குழந்தையோடு ஓர் இளம்பெண் வந்து நின்றாள். அதே பிள்ளைதான். குழந்தைக்கு இன்னும் சேர்க்கிற வயது ஆகவில்லை. அடுத்த ஆண்டுக்கு இப்போதே சொல்லி வைத்துவிடலாம் என்று வந்திருக்கிறாள். யாரிடமோ கேட்டு விண்ணப்பத்தையும் நிரப்பிக் கொண்டுவந்திருந்தாள். அதில் ‘தாயின் கல்வித் தகுதி’ என்று ஒரு கட்டம் உண்டல்லவா? அந்தக் கட்டத்தில் அவள் எழுதியிருந்தது: ஒன்பதாம் வகுப்பு, தேர்ச்சி.

“அந்தத் தேர்ச்சியைப் போட்டது நான்தான்” என்றார் சிஸ்டர். “அவள் என்மேல் கோபமாக இல்லை. ‘இவளாவது இங்கேயே படிச்சு முடிக்கட்டும் சிஸ்டர்’ என்றாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.”

அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் நின்றது. படிப்பு வராத பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பில் டி.சி. கொடுத்து அனுப்புவதை நிறுத்தினார்கள். மாலையில் ஒரு மணி நேரம் அவர்களுக்கென்று வகுப்பு வைத்தார்கள். சிஸ்டரும் ஒரு பாடம் எடுத்தார். அந்த ஆண்டு இரண்டு பேர் பத்தாம் வகுப்பில் தோற்றார்கள். தெருமுனையில் பேனர் இல்லை. பெற்றோர் சிலர் வந்து, “ஸ்கூல் இறங்கிப்போச்சு” என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். தோற்ற இருவரும் துணைத்தேர்வு எழுதித் தேறினார்கள். அந்தத் தேர்ச்சியை எந்த அட்டவணையும் கணக்கில் சேர்க்கவில்லை.

“அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். பெயர் சொல்ல வேண்டாம் என்றாள், ஆனால் சொல்லுங்கள் என்றாள். அவளைப்போல் இன்னும் எத்தனை பேர் என்று பதிவேட்டைப் பார்த்து எண்ணினேன். எண்ணிக்கையை ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் மன்னிப்பு மட்டும் கேட்கிறேன்” என்று சொல்லி சிஸ்டர் உட்கார்ந்தார். சிறிது நேரம் யாரும் கைதட்டவில்லை. தட்டலாமா கூடாதா என்று தெரியவில்லை.

அன்புக்குரியவர்களே, விழா முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் ஒருவர் நம்மிடம், “இதையெல்லாம் மேடையில சொல்லணுமா சாமி? நல்ல நாளும் அதுவுமா?” என்று கேட்டார். உண்மையைச் சொன்னால், நமக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஏன் அப்படிப் பட்டது என்று வீட்டுக்கு வந்தபின் யோசித்தோம். நாமும் பள்ளித் தாளாளராக இருந்திருக்கிறோம். தேர்வு முடிவு வந்த நாளில் தலைமையாசிரியையிடம் நாம் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை விழுக்காடு?” என்பதுதான். “எத்தனை பேர் ஒன்பதாம் வகுப்போடு போனார்கள்?” என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காதவருக்குப் பதிலைக் கேட்கும்போது சங்கடமாகத்தானே இருக்கும்.

இன்றைய முதல் வாசகத்தில் சாமுவேல் விடைபெறுகிறார். தலை நரைத்துவிட்டது. மக்களுக்கு இனி அரசன் இருக்கிறான், இவர் ஒதுங்க வேண்டும். அந்த நாளில் அவர் தம் சாதனைகளைப் பட்டியலிடவில்லை. மக்களைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார். யாருடைய மாட்டை நான் பிடித்துக்கொண்டேன், யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன், யாரை ஏமாற்றினேன், யாரை நசுக்கினேன், யார் கையிலிருந்து கைக்கூலி வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டேன், சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்கிறார். விடைபெறும் நாளில் வரவைச் சொல்வது எளிது. சாமுவேல் பற்றைச் சொல்லக் கேட்கிறார்.

மக்கள் சாமுவேலுக்கு, நீர் யாரிடமிருந்தும் எதையும் எடுக்கவில்லை என்று சான்று சொன்னார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அந்தச் சான்று கிடைக்காது. அந்த சிஸ்டருக்கும் கிடைக்கவில்லை. நமக்குத் திறந்திருப்பது சக்கேயு போன வழி. கூட்டத்துக்கு நடுவே எழுந்து நின்று, யாரிடமாவது ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவர் சொன்னாரே, அந்த வழி. அந்த வீட்டுக்கு அன்றே மீட்பு வந்தது என்று ஆண்டவர் சொன்னார். ஒன்றும் எடுக்காத சாமுவேலுக்கும் விண்ணகத்தில் இடம் உண்டு. எடுத்ததை ஒத்துக்கொண்ட சக்கேயுவுக்கும் இடம் உண்டு. எடுத்துவிட்டுப் பேனர் வைத்தவருக்குத்தான் வழி தெரியவில்லை.

நற்செய்தியில் ஆண்டவர் நூறு ஆடுகளைப் பற்றிப் பேசுகிறார். இந்த உவமையை எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். அந்த சிஸ்டரின் பேச்சைக் கேட்ட பிறகுதான் இதில் ஒன்று கண்ணில் பட்டது. ஆயனிடம் நூறு ஆடு இருந்தது. ஒன்று போய்விட்டது. அவன் தொண்ணூற்றொன்பது என்று எண்ணினான், ஒன்று குறைகிறது என்று தெரிந்துகொண்டான், தேடிப் போனான். நாம் என்ன செய்கிறோம்? முதலில் அந்த ஒன்றை நாமே வெளியே அனுப்பிவிடுகிறோம். பிறகு மீதியுள்ள தொண்ணூற்றொன்பதை எண்ணி, தொண்ணூற்றொன்பதுக்குத் தொண்ணூற்றொன்பது, ஆகவே நூறு விழுக்காடு என்று எழுதிக்கொள்கிறோம். கணக்கில் தவறே இல்லை. ஆனால் தேடிப் போவதற்கு அந்தக் கணக்கில் யாரும் இல்லை.

இறைமக்களே, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைப்பதை நம் முன்னோர் எதற்காகத் தொடங்கினார்கள் என்பதைச் சற்று நினைத்துப் பார்ப்போம்.

நம் புதுச்சேரிக்குக் குளூனி சூசையப்பர் சபைக் கன்னியர்கள் 1827-இல் வந்தார்கள். அந்தச் சபையை 1807-இல் பிரான்சில் தொடங்கியவர் அன்னை ஆன்மரி ஜவுகே. அவர் பர்கண்டி நாட்டுப்புறத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பிறகு 1844-இல் ஆயர் பொன்னான் புதுச்சேரியில் திருச்சங்கம் கூட்டினார். அதே ஆண்டு, பாரிஸ் மறைபரப்புச் சபையைச் சேர்ந்த தந்தை துப்புய் இங்கேயே, நம் மண்ணின் பெண்களைக் கொண்டே, மரியாயின் மாசற்ற இருதய சபையைத் தொடங்கினார். பெண்குழந்தைகளுக்குக் கல்வி கொடுப்பதே அதன் முதல் வேலை. அவர் அகராதி தொகுத்தவர், அச்சகத்தைப் பார்த்துக்கொண்டவர். எழுத்தின் அருமை தெரிந்தவர்.

அந்த நாளில் நம் ஊரில் நல்ல குடும்பத்துப் பெண் எழுத்து கற்பது வழக்கமில்லை. கோயிலில் ஆடுகிற பெண்களுக்குத்தான் படிப்பு என்று நினைத்தார்கள். படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்றார்கள். அப்படிப்பட்ட காலத்தில் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் யார்? வேறு எங்கும் இடமில்லாதவர்கள். அனாதைகள், ஏழைகள், வீட்டில் வேண்டாம் என்றவர்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளையாகப் பொறுக்கி எடுத்து அவர்கள் பள்ளி நடத்தவில்லை. இன்றைய நம் சேர்க்கை விதிகளை அன்றே வைத்திருந்தால், முதல் நாளே வகுப்பில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலும் ஒரு பள்ளி உண்டு, உடுவில் மகளிர் கல்லூரி. 1824-இல் தொடங்கியது. அமெரிக்க மிஷன் சபையினர் ஹாரியட் வின்ஸ்லோ என்ற அம்மையாரின் முயற்சியால் நிறுவியது. நம் கத்தோலிக்கத் திருஅவையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆனாலும் ஆண்டவருடைய வேலையைச் செய்தவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளத் தடை ஏதும் இல்லை.

அந்தப் பள்ளியின் தொடக்கத்தைப் பற்றி வழிவழியாக ஒரு செய்தி சொல்லப்படுகிறது. ஒரு மழை நாளில் இரண்டு சிறுமிகள் மிஷன் வீட்டில் ஒதுங்கினார்களாம். மழை விடவில்லை. இருட்டிவிட்டது. பசி. வீட்டார் ரொட்டியும் வாழைப்பழமும் கொடுத்தார்கள். பெரியவள் தொடவில்லை. சின்னவள் சாப்பிட்டுவிட்டாள். பிற சாதியார் கையில் உண்டுவிட்டாள் என்று வீட்டில் பெரும் கோபம். அந்தச் சின்னவள் அங்கேயே தங்கி எழுத்துக் கற்கத் தொடங்கினாள் என்பார்கள். பசித்த ஒரு பிள்ளையில் தொடங்கிய பள்ளி.

அந்தப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து விடைபெற்ற ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலிசா அக்னியூ என்பது அவர் பெயர். நியூயார்க்கில் 1807-இல் பிறந்தவர். எட்டு வயதில் பள்ளியில் பூகோளப் பாடம் நடக்கும்போதே, தொலைநாட்டுக்குப் போய் ஆண்டவருடைய வேலையைச் செய்வேன் என்று மனத்தில் முடிவு செய்துகொண்டாராம். பெற்றோருக்குத் துணையாக இருக்க வேண்டியிருந்தது. அவர்கள் காலமான பிறகு, முப்பது வயதைத் தாண்டிய நிலையில் கப்பல் ஏறினார். 1840-இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குப் போகவில்லை. விடுமுறைக்குப் போய்வரக் கூடாதா என்று கேட்டவர்களிடம் நேரமில்லை என்று சொல்லிவிடுவாராம்.

1879-இல் உடல் தளர்ந்து ஓய்வுபெறும்வரை, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அந்தப் பள்ளியில் இருந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்பிள்ளைகள் அவரிடம் படித்தார்கள். முதலில் படித்தவர்களின் மகள்கள் வந்தார்கள், பேத்திகளும் வந்தார்கள். ஆயிரம் பெண்மக்களின் தாய் என்று அவரை அழைத்தார்கள். அவர் மணமாகாதவர் என்பதை அந்த ஊரார் அறிவார்கள். அறிந்துதான் அப்படி அழைத்தார்கள்.

அந்தக் காலத்து மிஷன் ஆவணங்கள் ஆயிரம் பேரில் எத்தனை பேர் திருமுழுக்குப் பெற்றார்கள் என்றும் எண்ணி வைத்திருக்கின்றன. அறுநூறுக்கு மேல் என்கின்றன. அது அந்தக் காலத்துக் கணக்கு. இன்று நம் பள்ளிகளில் படிக்கிற பெண்பிள்ளைகளில் மிகப்பலர் இந்து, முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள். நாம் அவர்களை அப்படி எண்ணுவதில்லை, எண்ணவும் கூடாது. அதற்குப் பதிலாக விழுக்காட்டை எண்ணுகிறோம். அவர்கள் கணக்காவது ஒவ்வொரு பிள்ளையின் ஆன்மாவுக்கும் ஒரு எண் கொடுத்தது. நம் கணக்கில் பலவீனமான பிள்ளைக்கு எண்ணே கிடையாது.

அம்மையார் ஓய்வுபெற்றபின் பக்கத்து ஊரான மானிப்பாயில் லீச் சகோதரியரின் வீட்டில் தங்கினார். பள்ளி வேறு கைக்குப் போயிற்று. 1883-இல் அங்கேயே இறந்தார். கடைசி நாள்களில், உங்களுக்காக என்ன செபிக்க வேண்டும் என்று கேட்டபோது, தமக்காக ஒன்றும் கேட்காமல் யாழ்ப்பாணத்துப் பெண்களுக்காகச் செபிக்கச் சொன்னார் என்று உடனிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் பேருக்குத் தாயானவர் இறக்கும்போதும் தம்மிடம் வராத பெண்களை நினைத்தார். வெளியே இருக்கிற அந்த ஒன்றை நினைத்தார்.

தூய பவுலும் இப்படித்தான் விடைபெற்றார். எபேசு நகரத்து மூப்பர்களை மிலேத்துக்கு வரவழைத்துப் பேசுகிறார். மூன்று ஆண்டுகள் இரவும் பகலும் கண்ணீரோடு ஒவ்வொருவருக்கும் அறிவுரை சொன்னதை நினைவுபடுத்துகிறார். கவனியுங்கள், கூட்டத்துக்கு என்று அவர் சொல்லவில்லை, ஒவ்வொருவருக்கும் என்கிறார். யாருடைய பொன்னுக்கும் வெள்ளிக்கும் ஆடைக்கும் ஆசைப்படவில்லை என்கிறார். பிறகு அவர்களைக் கடவுளிடம் ஒப்படைத்துவிடுகிறார். எல்லாரும் அழுதார்கள், அவரைக் கட்டித் தழுவினார்கள், கப்பல்வரை வந்து வழியனுப்பினார்கள். பவுல் திரும்பிப் போகவில்லை.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, கணக்கை நேராகச் சொல்வது. மற்றொன்று, சொன்னபின் கையை விடுவது. கணக்குச் சொல்லாமல் போகிறவருக்குக் கையை விட மனம் வராது. போன இடத்திலிருந்தும் தொலைபேசியில் பள்ளியை நடத்திக்கொண்டிருப்பார். தாம் போட்ட திரையை அடுத்தவர் விலக்கிவிடக் கூடாதே என்ற அச்சம் அவருக்கு இருக்கும். கணக்கைச் சொல்லிவிட்டவருக்கு அந்த அச்சம் இல்லை. அந்த சிஸ்டர் மறுநாள் காலை ஆறு மணிப் பேருந்தில் போய்விட்டார். அதற்குப் பிறகு பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. புதிய தலைமையாசிரியை இதை நம்மிடம் வியந்து சொன்னார்.

அன்புக்குரியவர்களே, இது பள்ளி நடத்துகிற கன்னியர்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. முதலில் குருக்களாகிய நமக்கு. நாம் மாற்றலாகிப் போகும்போது கெபி கட்டினோம், கொடிமரம் நட்டோம், மண்டபத்துக்குக் கூரை போட்டோம் என்று பங்கு மலரில் எழுதுகிறார்கள். எந்த வீட்டுக் கதவைத் தட்டவே இல்லை, எந்தக் குடும்பம் கோயிலுக்கு வருவதை நிறுத்தியபோது ஏன் என்று கேட்கவில்லை என்பதை யார் எழுதுவார்கள்? நாமே சொன்னால்தான் உண்டு. பங்கின் குடும்பப் பதிவேடு நம் மேசையில்தான் இருக்கிறது. அதில் அடிக்கப்பட்ட பெயர்களை வாசிப்பதும் ஒரு செபம்தான்.

அடுத்து, பள்ளி நடத்துகிற திருஅவைக்கு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு தருகிறது. ஒன்பதாம் வகுப்பு வரும்போது அந்தக் கூரை முடிந்துவிடுகிறது. அதோடு, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு நமக்குத் தந்திருக்கும் உரிமையை அது காத்தது. அந்த உரிமைக்கு நன்றி சொல்கிறோம். ஆனால் எதற்காக அந்த உரிமை? வலுவில்லாத பிள்ளையைச் சட்டத்துக்குப் பயப்படாமல் வெளியே அனுப்புவதற்கா? சட்டம் கேட்காத இடத்தில் மனச்சான்று இரண்டு மடங்கு கேட்க வேண்டும்.

அடுத்து, பெற்றோர்களாகிய உங்களுக்கு. பேனரைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறோம். நூறு என்று எழுதினால்தான் பிள்ளையைச் சேர்க்கிறோம். தொண்ணூற்றெட்டு என்று எழுதிய பள்ளியை இறங்கிப்போன பள்ளி என்கிறோம். அப்படியானால் அந்தப் பிள்ளையை வெளியே அனுப்பிய கையெழுத்தில் நம் கையும் இருக்கிறது. அடுத்த முறை சேர்க்கைக்குப் போகும்போது ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: “படிப்பு வராத பிள்ளையை நீங்க என்ன செய்வீங்க சிஸ்டர்?” உங்கள் பிள்ளை முதல் மதிப்பெண் வாங்குகிறவளாக இருந்தாலும் கேளுங்கள். அந்தப் பதிலில்தான் அந்தப் பள்ளி கிறிஸ்தவப் பள்ளியா இல்லையா என்பது தெரியும்.

கடைசியாக, நம் எல்லாருக்கும் ஒரு சிறு வேலை. நம் முத்தியால்பேட்டையில் மணிக்கூண்டிலிருந்து கடற்கரைக் குப்பங்கள் வரை எத்தனையோ தெருக்கள். ஒவ்வொரு தெருவிலும் ஒன்பதாவதோ பத்தாவதோ படித்துவிட்டு நின்றுபோன ஒரு பெண்பிள்ளையாவது இருப்பாள். கடையில் நிற்பாள், வீட்டு வேலைக்குப் போவாள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நமக்கு அவளைத் தெரியும். ஆனால் அவள் ஏன் நின்றாள் என்று கேட்டிருக்க மாட்டோம். இந்த வாரம் ஒரு வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். பள்ளியை விட்டவர்களும் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வழி உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளி அதற்காகவே இருக்கிறது. மணமாகிக் குழந்தை பெற்ற பெண்ணும் எழுதலாம். விண்ணப்பம் நிரப்பவும், மாலையில் ஒரு மணி நேரம் பாடம் சொல்லவும் நம் பங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஏற்கெனவே பேசியிருக்கிறோம். பங்கு இல்லத்தில் வந்து பெயர் கொடுத்தால் போதும். கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை.

அந்த இளம்பெண்ணைப் பற்றி ஒரு செய்தி சொல்லி முடிக்கிறோம். விழா முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு அவளே அந்தப் பள்ளிக்குப் போய், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாளாம். அவள் மகள் இப்போது அங்கேதான் படிக்கிறாள். தாயும் மகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதுகிறார்களாம். தாய் தேறுவாளோ இல்லையோ, நமக்குத் தெரியாது. கணக்கு இன்னும் கடினமாகத்தான் இருக்கிறதாம். ஆனால் தேறினால் அந்தத் தேர்ச்சி அவள் கையால் எழுதி வாங்கியதாக இருக்கும்.

செபிப்போம்.

அன்பு ஆண்டவரே, காணாமற்போன ஒன்றைத் தேடிவந்தவர் நீர். எங்கள் பள்ளிகளில் உழைத்து, பெட்டியை எடுத்துக்கொண்டு அமைதியாக விடைபெறும் எல்லாத் தலைமையாசிரியைகளையும் ஆசிரியைகளையும் ஆசீர்வதியும். அவர்கள் வளர்த்த பிள்ளைகள் அவர்களை மறந்தாலும் நீர் மறவாதேயும். எங்கள் பதிவேடுகளில் நாங்கள் அடித்த பெயர்களை உமது வாழ்வின் நூலில் நீர் அடிக்கவில்லை என்று நம்புகிறோம். நாங்கள் தவறாக எண்ணிய இடங்களில் மறுபடியும் எண்ணக் கற்றுத் தாரும். எங்கள் விடைபெறும் நாள் வரும்போது, எடுத்ததைச் சொல்லும் துணிவையும், விட்டுப்போகும் மனத்தையும் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்களை ஆசீர்வதிப்பாராக.